நாற்பத்தொரு பேர் வைத்த மனு

“வீடு இல்லாட்டி நிக்காஹ் இல்ல, ஹுஸ்னியா. நான் மறைச்சுப் பேசுற ஆள் இல்ல.”

இதைச் சொல்லிவிட்டு ஹவ்வா உம்மா, ஹுஸ்னியாவின் மகள் றிஸ்மினா கொண்டுவந்து வைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கதிரையில் சாய்ந்துகொண்டு, “நம்மட கிணத்துத் தண்ணி தேன்தான்” என்றார் வேறு.

ஹுஸ்னியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொண்டச்சி, அரிப்பு என்ற கரையோர ஊர்களுக்கு நடுவிலிருந்த அந்தச் சின்ன ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான் ஊறும். பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள பொதுக்காணியில் மட்டும் ஒரேயொரு நல்ல தண்ணிக் கிணறு. அந்தக் காணியில்தான் கொழும்புக் கம்பனியொன்று இருநூறு வீடு கட்டப்போகிறதாம். இருநூறு கக்கூசுக் குழியும் இருநூறு மோட்டரும் வந்தால் கிணறு ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. இதைச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கி, தன்னையும் சேர்த்து நாற்பத்தொரு பெண்களின் பெயரில் மனு எழுதியவள் ஹுஸ்னியா. அவளுக்கு அடுத்ததாகக் கைநாட்டு வைத்தவர் வேறு யாருமல்ல, இந்த ஹவ்வா உம்மாதான்.

கம்பனிக்காரனும் லேசுப்பட்டவனல்ல. மனுவிலிருந்து பெயரை எடுக்கும் குடும்பத்துக்கு ஒரு வீடு சும்மா என்று சொல்லிவிட்டான். பெண்ணைப் பெற்றவள் வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கவேண்டும் என்பது அந்தக் கரையில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். அதை எவனோ அவனுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“ராத்தா, அங்க வீடு கட்டப்படாது எண்டு நீங்களும்தானே கைநாட்டு வெச்சனீங்க?”

“ஓம். அது ஊருக்கு. இது என்ட மகன் சனூனுக்கு.” ஹவ்வா உம்மாவின் முகத்தில் கூச்சம் மருந்துக்கும் இல்லை. “நீ பேரை எடுத்தா வீடு வருது. வாப்பா இல்லாத புள்ள, இருவத்தெட்டு வயசு. நாலாவது பேச்சும் முறிஞ்சா ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சுப் பாரு.”

அவர் போனபிறகு றிஸ்மினா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். “எனக்காண்டிப் பேரை எடுக்காதீங்க உம்மா” என்றாள். சொல்லும்போதே அழுதாள். வாய் சொன்னதை நம்புவதா, கண்ணை நம்புவதா? பெற்றவள் கண்ணைத்தான் நம்பினாள்.

மறுநாள் காலை, யாரும் பார்த்துவிடாமல் பின்னொழுங்கையால் போய் பஸ் ஏறினாள் ஹுஸ்னியா. ஊரைக் காட்டிக்கொடுக்கப் போகிற பாவி தான் ஒருத்திதான் என்று வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது.

மனுவைக் கொடுத்திருந்த பிரதேச செயலகக் கந்தோரில் ஜெனுஷா என்ற இளம் கிளாக்கர் அந்த மனு இருந்த கோவையைத் திறந்து, மனுவில் பெயர் நீக்கும் படிவமொன்றை நீட்டினாள். “உங்களோட முப்பத்தாறு, அம்மா.”

“என்ன முப்பத்தாறு, மிஸ்?”

“பேர் எடுத்தவை. ஒவ்வொருத்தராத் தனியத்தான் வந்தவை. மனுவில இனி அஞ்சு பேர்தான்.”

அந்த ஐந்து பெயரையும் ஜெனுஷா வாசித்தாள். முதற்பெயர் ஹவ்வா உம்மா. ஹுஸ்னியா மனதுக்குள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ஐந்து பேருக்கும் ஆண் பிள்ளைகள் மட்டுந்தான். அவர்கள் ஏன் பெயரை எடுக்கவேண்டும்? வீடு மருமகளோடு வந்து சேரும். ஊருக்காகக் கடைசிவரை நின்றவர்கள் என்ற பேரும் நிலைக்கும். தண்ணீரை விற்றவர்கள் என்ற பழி பெண்ணைப் பெற்ற முப்பத்தாறு பேருக்கு.

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. றிஸ்மினாவின் கண்கள் அவளைக் கதிரையோடு கட்டிப்போட்டன.

“காரணம் எண்ட இடத்தில ‘சொந்த விருப்பம்’ எண்டு எழுதுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் எழுதினவை” என்றாள் ஜெனுஷா.

ஹுஸ்னியா பேனையை வாங்கி மெல்ல எழுதினாள்: ‘சனூனுக்குச் சீதன வீடு. கேட்டவர் அவருடைய தாய் ஹவ்வா உம்மா. மனுவில் இரண்டாவது பெயர்.’

“ஐயோ அம்மா, இப்பிடியெல்லாம் எழுதுறதில்ல!”

“என்ட விருப்பத்த அந்த மனுவில எழுதியாச்சு, மிஸ். இது அவங்கட விருப்பம்” என்று சொல்லி, அதன் கீழே ஒப்பம் வைத்தாள் ஹுஸ்னியா.