கரைப்பாட்டைக் கேட்டு வாங்கியவர்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். ஏரியில் யார் எங்கே இறால் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். நடு ஏரிப்பாடு விழுந்தவன் வீட்டில் அன்றைக்கே குழம்பு மணக்கும். கரைப்பாடு விழுந்தவன் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போவான்.

அந்த வருஷம் நாகப்பனுக்கு நடு ஏரி விழுந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை. அவரோ எழுந்து, "எனக்குக் கரைப்பாடு போதும். இத்த யாராவது எடுத்துக்கோங்க" என்றார்.

கூட்டம் திகைத்தது. அவருடைய அக்காள் மகன் மாரிதான் முதலில் சிரித்தான்.

"இன்னா மாமா, அங்க எதுத்தாப்ல பவுனம்மா கள்ளு விக்கிறாளே, அதுக்கா?"

நாகப்பன் வீடு சேர்வதற்குள் இந்தப் பேச்சு அவர் மனைவி குப்பம்மாவிடம் சேர்ந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக அவர் பாயை எடுத்துக்கொண்டு படகில் போய்ப் படுக்கிறார். கேட்டால் வீட்டுக்குள் புழுக்கம் என்கிறார். மார்கழியில் என்ன புழுக்கம்? அதற்கு முன்பும் அவள் அவர் பக்கம் திரும்பினால், அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். இப்போதுதான் காரணத்துக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

சேலைகளை மூட்டை கட்டினாள். பசியாவரத்தில் தாய்வீடு இருக்கிறது. போவதற்கு முன் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

மறுநாள் காலை, மூட்டையோடு கரைக்கு வந்து தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்தாள். கொஞ்ச நேரத்தில் நாகப்பன் படகைக் கரைக்குத் தள்ளி வந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் கள்ளுக்கடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. பூவரச மரத்தடியில் முதுகைக் காட்டிக் குந்தினார். குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை. ஒருவழியாக எழுந்து படகுக்குப் போனார். உலை கொதிக்கும் நேரத்துக்குள் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை, "வந்து தொலையேன், ராசா" என்று கெஞ்சுகிற குரல் கேட்டது.

குப்பம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாரய்யா அந்த ராசா?"

நாகப்பன் கோவணத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். "நீ எங்கமே இங்க?"

"பவுனம்மாவப் பாக்க வந்தேன்."

அவருக்குப் புரிந்தது. மூட்டையையும் பார்த்தார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"வலை கட்டின தண்ணியில ஒண்ணுக்கு விட்டா எறா அண்டாதுன்னு நம்ம ஆளுங்க விடமாட்டாங்க. நடு ஏரின்னா ஒவ்வொரு தபாவும் கரைக்கு வரணும். துடுப்புப் போட்டே செத்துடுவேன். ராத்திரியில அஞ்சு தபா எந்திரிக்கிறேன். உன் தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் படகுல படுத்தேன்."

"அப்போ செவுத்தப் பாத்துப் படுத்தது?"

நாகப்பன் கால் விரலால் மணலைக் கிளறினார். "அதுவும் முன்ன மாதிரி இல்லமே. உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் அவரை நேராகச் சிங்காரம் வைத்தியரிடம் இழுத்துப் போனாள். வைத்தியர் நாடி பிடித்தார்.

"முக்கி முக்கிப் போறியா?"

"ஆமாங்க."

"பொண்டாட்டிகிட்ட எப்படி?"

"நான் ஒண்ணுக்குக்குத்தாங்க வந்தேன்."

"நான் அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் குப்பம்மா.

வைத்தியர் சிரித்துவிட்டார். "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. உன் வயசு ஆம்பளைங்களுக்குப் பாதி நேரம் சேந்துதான் வருது. ஆனா ஒண்ணச் சொல்லிட்டு இன்னொண்ண முழுங்கிட்டுப் போயிடுறாங்க. நெருஞ்சி கசாயம் தரேன். பொழுது சாஞ்சா தண்ணியக் கொற. கள்ளத் தொடாத."

"பூரா சரியாப் போயிடுங்களா?"

"கொஞ்சம் கொறையும். வெக்கப்பட்டு ஒளிஞ்சா மட்டும் ரெண்டுமே ஏறும்."

திரும்பும்போது நாகப்பன் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். வழியில் மாரி எதிர்ப்பட்டான்.

"இன்னா மாமா, மூட்டையோட எங்க?"

"ஊட்டுக்குத்தான்டா" என்று குப்பம்மா பதில் சொன்னாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் படகிலிருந்த பாய் வீட்டுக்குள் வந்தது. நாகப்பன் அதைக் கதவோரமாக விரித்தார்.

"நான் அஞ்சு தபா எந்திரிப்பேன், சொல்லிட்டேன்."

"எந்திரி. திரும்பி வந்து செவுத்தப் பாக்காத, அவ்ளோதான்."