மஞ்சள் பூசிய கத்திகள்

"மரோனுங்க கத்திய எங்க மிஸ் ஒளிச்சு வச்சாங்க?"

மார்லென் இப்படிக் கேட்டதும் ருக்மணியின் சாக்பீஸ் கரும்பலகையில் அப்படியே நின்றது. கரும்பு வெட்டும் எட்மோனின் மகள் அவள், பிடித்தால் விடமாட்டாள். பாடப்புத்தகத்தில் கவர்னர்களும் கப்பல்களும்தான் இருந்தன. மலைக்குத் தப்பி ஓடிய அடிமைகள், அந்த மரோன்கள், ஈட்டியும் கத்தியுமாக இறங்கிவந்து எஜமான்களின் கிடங்குகளைக் கொளுத்திய கதையை ருக்மணியாகத்தான் சேர்த்துச் சொன்னாள். எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்ற விவஸ்தையே இல்லாதவள் என்று மாமியார் திட்டுவாள். இந்த முறை மாமியார் கட்சிதான் சரி.

தீவின் தென்கரையில் இருந்த சுரினாம் கிராமத்தில் அந்த வருஷம் கரும்பு வெட்டு தொடங்கவேயில்லை. கூலி உயராமல் வயலில் இறங்கமாட்டோம் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பயந்துபோன தோட்டத்துத் துரை, கத்திகளைக் கிடங்கில் ஒப்படைக்கச் சொன்னார். யாரும் கொடுக்கவில்லை. வெட்டுக்கு முன் கத்திகளுக்கு மஞ்சள் பூசி காளியம்மன் காலடியில் வைப்பது வழக்கம். ருக்மணியின் கணவன் அப்பாசாமியும் மற்றவர்களும் இந்தத் தடவை அந்தப் பூசையை ரகசியமாக முடித்து, கத்திகளைக் கரும்புக்குள் மறைந்திருக்கும் அம்மன் மேடைக்கடியிலேயே விட்டுவிட்டார்கள். துரைக்கு அந்த மேடை இருப்பதே தெரியாது. போலீஸ் கையில் கத்திகள் சிக்கினால் ஆண்கள் அத்தனை பேரும் ஜெயிலுக்குத்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. துரைக்காக வயல் வேலையை மேய்க்கும் சர்தார் வீரசாமி, பளபளக்கும் பூட்ஸோடு உள்ளே வந்தார்.

"என்ன பாடம்?"

"மரோன்!" என்று வகுப்பே கத்தியது.

"அப்படியா? அவங்கள எப்படிப் புடிச்சாங்களாம்?"

"அவங்க ஆளே காட்டிக் குடுத்துட்டான்" என்றாள் மார்லென், அவரை நேராகப் பார்த்து.

வீரசாமி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முன்வரிசையில் சின்னவள் கண்ணம்மா கைகளைப் பாவாடைக்குள் மறைப்பதை அப்போதுதான் கவனித்தார். "கையக் காட்டு" என்றார். கத்திகளுக்கு மஞ்சள் அரைத்த உள்ளங்கைகள் இன்னும் வெளுக்கவில்லை.

வெகுநேரம் அதையே பார்த்தார். அவர் இல்லாமல் அந்தப் பூசை ஒரு வருஷமும் நடந்ததில்லை.

"என்னைய விட்டுட்டா பூச போட்டீங்க, டீச்சரம்மா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் ருக்மணியை இன்னும் பயமுறுத்தியது. "அண்ணே, இந்தப் புள்ளைங்க அப்பனுங்கள நெனச்சுப் பாருங்க" என்றாள். அவர் வெளியே போய்ச் சைக்கிளில் ஏறினார்.

பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். சைக்கிள் துரை பங்களாவுக்குப் போகும் பாதையில் திரும்பாமல் தாண்டிப் போனது. ருக்மணிக்கு மூச்சு வந்தது. அம்மன் மேடைக்குப் பிரியும் வரப்பில் வீரசாமி இறங்கி, சைக்கிளைக் கரும்புக்குள் தள்ளிவிட்டார். பிறகு கும்பிடப் போகும் யாரும் செய்வதுபோல, பூட்ஸைக் கழற்றிச் சோடியாக ஓரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நுழைந்தார். கும்பிடத்தானா, இல்லை பார்த்துவைத்துச் சொல்லத்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுயாக் டவுன் பக்கமிருந்து லாரிச் சத்தம் கேட்டது. போலீஸ் லாரி. வளைவில் திரும்பி, வேகம் குறைந்து, வரப்பருகே நின்றது.

"மிஸ், அவரு பூட்ஸக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள் மார்லென்.

ருக்மணி கண்ணம்மாவின் மஞ்சள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெறுங்கால்கள் மட்டுமே நடக்கும் அந்தப் புழுதியில், பூட்ஸ் இரண்டும் வெயிலில் மின்னிக்கொண்டு, நுனி கரும்புக்குள் பார்த்தபடி நின்றன.