ஆஸ்கார்த் குடும்பத்தின் அங்குலங்கள்

1309-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ரேவன்பெக் கிராமத்து வால்டர் ஆஸ்கார்த் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்தார், சாகும்வரை இறங்கவில்லை. தம் சபைக்கு வந்து உட்காரும்படி அரசர் அனுப்பிய அழைப்பைத் தூதன் ஆட்டுப்பட்டி வாசலில் நின்று உரக்கப் படித்தான். ‘ஆஸ்கார்த் பிரபுவுக்கு’ என்ற இடம் வந்ததும் வால்டரின் காலுக்கும் கீழே கிடந்த சாணத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கஞ்சி ஆறுகிறது, இறங்கி வாருங்கள் என்று மனைவி கூப்பிட்டதாகவும், அவர் இறங்காமலே போய்க் குடித்துவிட்டு வந்ததாகவும் எங்கள் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் அந்த வருடத்துக் கம்பளி விலை எழுதியிருக்கிறது.

பிரபுப் பட்டங்களில் கடைசிப் படியான பாரன் என்றால் ஓர் அங்குலம். அப்பன் மூச்சு நின்ற கணத்தில் மகன் எழும்புவான். வேட்டைக்காட்டில் இருந்தாலும் சரி, கடல் கடந்து போர்முனையில் இருந்தாலும் சரி, செய்தி அவனுக்குக் கால்வழியாகத்தான் முதலில் வரும். இரண்டு அரசர்கள் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்ட காலத்தில் ஆறாவது பிரபு தோற்ற பக்கம் நின்றார். ஜெயித்தவர்கள் அவரைத் துரோகி என்று அறிவித்துப் பட்டத்தைப் பறித்த அன்று, மாடிப்படியில் வந்துகொண்டிருந்தவர் தொப்பென்று விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பம் எங்களைப்போலவே சேற்றில் நடந்தது. அந்த நாட்களிலும் எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களுக்குத் தொப்பி கழற்றினார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பேரன் காலத்தில் மன்னிப்பு வந்தது; அங்குலமும் திரும்பி வந்தது.

பிறகு ஒரு பிரபு, ஓடி ஒளிந்த அரசர் ஒருவருக்குத் தன் குதிரையையும் பாதி ஆட்டிறைச்சிப் பணியாரத்தையும் கொடுத்தார். அந்த அரசர் திரும்பி வந்து அரியணை ஏறியதும் குதிரையை மறந்துவிட்டார், பணியாரத்தை மறக்கவில்லை. பிரபுவை ஒரு படி மேலே உயர்த்தி வைகவுண்ட் ஆக்கினார். மூன்று அங்குலம். அவருடைய கொள்ளுப்பேரன் சபையில் எழுந்து ஒரு சரியான நாளில் சரியான பக்கம் கைதூக்கி அதற்கும் மேலே ரேவன்பெக் ஏர்ல் ஆனார். ஆறு அங்குலம். மாளிகையின் நிலைவாசல்களை எல்லாம் இடித்து உயர்த்தினார்கள். தேவாலயத்துத் தென்கதவின் நிலையில் ஒன்று, மூன்று, ஆறு என்று மூன்று பித்தளை ஆணிகள் அறையப்பட்டன. ஒவ்வொரு புது வாரிசும் முதல் ஞாயிறு அங்கே நின்று ஆணிக்கு நேராகப் பாதத்தை வைத்துக் காட்ட வேண்டும். ஏர்லின் பூட்ஸ் நாற்பது வருடம் தேயாது என்பதால் இந்த ஊரில் செருப்புத் தைப்பவர் யாரும் பிழைத்ததில்லை. அவர்கள் ஏறிய குதிரைக்கு முதுகில் புண் வந்ததே இல்லை. படுக்கும்போது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதைக் கேட்பது மரியாதையில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மார்க்விஸ் இருக்கிறார், பட்டத்தில் எங்கள் ஆளைவிடப் பெரியவர். மழைநாளில் அவருடைய பூட்ஸில் அப்பிய சேற்றை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஏழாவது ஏர்லுக்கு ஆண்பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள். மூத்தவள் லேடி ஹனோரியா, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் நிலபுலன்களைப் பதினைந்து வருடமாக அவள்தான் பார்த்துக்கொண்டாள். எந்தக் குத்தகைக்காரன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அந்த வீட்டுக்காரனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். இளையவள் லேடி கான்ஸ்டன்ஸ், மாட்டு டாக்டர் டாம் ஹெப்பிளைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துப் பண்ணைவீட்டுக்குப் போய்விட்டாள். ஏர்லின் மாட்டு மந்தை முழுவதும் கோமாரியில் விழுந்தபோது பதினோரு நாள் தொழுவத்திலேயே கிடந்து பாதியைக் காப்பாற்றியவர் டாம். கான்ஸ்டன்ஸ் அவரை அங்கேதான் பார்த்தாள்.

1928 அக்டோபரில் ஏர்ல் இறந்தார். ஆறு அங்குலமும் விட்டுப்போய் அவர் மெத்தையில் பொத்தென்று விழுந்த சத்தம் கீழே சமையலறைவரை கேட்டது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஹனோரியா, இந்தப் பக்கம் கான்ஸ்டன்ஸ். இருவருமே எழும்பினார்கள், ஆனால் பார்த்தால் தெரியாத அளவுக்கு. தலைமைப் பணியாளர் கிரிம்ஷா மண்டியிட்டு, மேசைக்கத்தியின் கைப்பிடியை முதலில் மூத்தவள் பாதத்துக்கு அடியிலும், பிறகு இளையவள் பாதத்துக்கு அடியிலும் நுழைத்துப் பார்த்தார்.

"ஆளுக்கு அரை இன்ச் மை லேடி," என்றார், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் கட்டிலைப் பார்த்து.

லண்டனிலிருந்து வந்த வக்கீல் விளக்கினார். ஏர்ல், வைகவுண்ட் இரண்டும் ஆண்வாரிசுக்கு மட்டுமே போகும் பட்டங்கள்; அவை அன்றோடு முடிந்தன, ஐந்து அங்குலம் காற்றில் கரைந்தது. முதல் வால்டரின் பழைய பட்டம் மட்டும் பெண்களுக்கும் போகும். ஆனால் பெண்கள் இருவர் என்றால் மூத்தவள் இளையவள் என்ற பேச்சு கிடையாது. இருவருக்கும் சமபங்கு, அதனால் இருவருக்குமே பட்டம் இல்லை. அது செத்துப்போவதில்லை, தூங்கும். ஒருத்தி விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் மற்றவளுக்காக அரசர் அதை எழுப்பலாம். கான்ஸ்டன்ஸுக்குப் பட்டத்தில் எந்த ஆசையும் இல்லை; தொழுவத்தில் வழுக்காமல் இருப்பது ஒன்றுதான் லாபம் என்பாள். அப்பாவை அடக்கம் செய்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவதாக அவளே சொன்னாள். ஹனோரியாவுக்கோ வேறு எதுவுமே வேண்டாம். அறுநூறு வருடத்துப் பெயர் தன் கையில் தூங்கிப்போய்விடக் கூடாது என்பதுதான் அவள் உயிர்.

அடக்க ஊர்வலத்தின் வரிசையை ஹனோரியா தன் கையால் எழுதினாள். எங்கள் நாட்டில் இதற்கென்று புத்தகம் இருக்கிறது. யாருக்கு முன்னால் யார், யாருக்குப் பின்னால் யார் என்று அது சொல்லும். ஏர்லின் மகள் யாரைக் கட்டிக்கொண்டாலும் அவள் இடம் அவளுக்கு உண்டு, கணவனுக்கு அதனால் ஒன்றும் வராது. ஆகவே கான்ஸ்டன்ஸ் முதல் வரிசையில். டாம் ஹெப்பிள் குத்தகைக்காரர்களுக்குப் பின்னால், வேட்டைக்காட்டுக் காவலாளிக்கு முன்னால். எழுத்துப் பிசகாமல் சரி. எவ்வளவு பெரிய தப்பு என்பது ஊரில் எல்லாருக்கும் புரிந்தது, எழுதியவளுக்கு மட்டும் புரியவில்லை. ஊர்வலம் கிளம்பும்போது கான்ஸ்டன்ஸ் முதல் வரிசையை விட்டு இறங்கி, மழையில் எல்லாரையும் கடந்து பின்னால் போய் டாமின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் புத்தகத்துல இருக்கிறதத்தான் செஞ்சேன்," என்றாள் ஹனோரியா, கல்லறைக்குப் பக்கத்தில்.

"அப்போ புத்தகத்துகிட்டயே கையெழுத்து வாங்கிக்க."

அதன்பிறகு பத்தொன்பது வருடம் அக்காவும் தங்கையும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தென்கதவில் நுழைந்து எதிரெதிர் பெஞ்சுகளில் உட்காருவார்கள். முதல் ஆணிக்குப் பாதி உயரத்தில் இரண்டு ஜோடிக் கால்கள் போவதை நாங்கள் வாராவாரம் பார்த்தோம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஹனோரியா கிரிம்ஷாவிடம் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து அனுப்புவாள். கான்ஸ்டன்ஸ் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பாலாடைக்கட்டி வட்டத்தைப் பதிலுக்குக் கொடுப்பாள்.

"கையெழுத்து, மை லேடி?"

"கட்டி போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு கிரிம்ஷா. சொல்லிடுங்க."

ஹனோரியா அந்தக் கட்டியை ஒரு துண்டுகூட வீணாக்காமல் தானே சாப்பிட்டு முடிப்பாள் என்று சமையல்காரி சொன்னாள். கறுப்புக் கிடா மதுவிடுதியில் ஊர் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. ஜன்னல் பக்கம் மூத்தவள் கட்சி, அடுப்புப் பக்கம் இளையவள் கட்சி. போர் வந்தது. ஹனோரியா மாளிகையைக் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் குதிரைலாயத்தில் குடியிருந்தாள்; முன்புறப் புல்வெளியைத் தானே உழுது உருளைக்கிழங்கு போட்டாள். உழுத மண்ணுக்கு அரை அங்குலம் மேலே அவள் கலப்பையைப் பிடித்துக்கொண்டு போனதை அடுப்புப் பக்கத்துக்காரர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

1947 பிப்ரவரியில் பனி விழ ஆரம்பித்து ஆறு வாரம் நிற்கவில்லை. வேலிகள் மறைந்தன, பிறகு மரங்கள் மறைந்தன. மலைமேல் பிரசவத்துக்குக் கஷ்டப்பட்ட ஒரு பசுவைப் பார்க்கப் போன டாம் ஹெப்பிள் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. கான்ஸ்டன்ஸ் கடும் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்து போகப் பார்த்து இரண்டு தடவை வாசற்படியிலேயே விழுந்தாள். கடைசியில் மாளிகைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அக்காவைக் கேட்கவில்லை, கிரிம்ஷாவைக் கேட்டு, மண்வெட்டியோடு ஆட்கள் கிடைப்பார்களா என்றாள். ஹனோரியா காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி அதைக் கேட்டாள். கிரிம்ஷா அரைமணி கழித்து வந்து நின்றார்.

"ஆளுங்க கேட்டைத் தாண்டல மை லேடி. மார் வரைக்கும் புதையுறாங்க."

"நான் புதைய மாட்டேன்."

"அரை இன்ச்தானே இருக்கு, மை லேடி..."

"அது போதும்."

அப்பாவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு ஆள் உயரப் பனியின் மேலே, ஒரு தடமும் விழாமல், ஆறு மைல். மலைமுகட்டில் மேய்ப்பர்கள் ஒதுங்கும் கல்குடிசையில், ஒரு பெண்ணாட்டைக் கட்டிப்பிடித்தபடி டாம் கிடந்தார். இறக்கிவிட்டால் அவர் பனியில் புதைவார், தூக்க அவளால் ஆகாது. குடிசைக் கதவைக் கழற்றி, ஆளையும் ஆட்டையும் அதில் ஏற்றிக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். வழிநெடுக அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம் என்று டாம் பின்னால் விடுதியில் சொன்னார்: "மிஸ்டர் ஹெப்பிள், ஒரு பெண்மணி பக்கத்துல இருக்கும்போது தூங்குறது மரியாதை இல்ல."

பகல் ஒரு மணிக்குப் பண்ணைவீட்டு வாசலில் கயிற்றைக் கீழே போட்டாள். உள்ளங்கை இரண்டிலும் ரத்தம். போர்வையைச் சுற்றிக்கொண்டு கான்ஸ்டன்ஸ் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள். டாம் கண்ணைத் திறந்து பசு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"கோனி," என்றாள் ஹனோரியா. பத்தொன்பது வருடத்தில் முதல் வார்த்தை. "மன்னிச்சுக்க. இந்தத் தடவையும் அவரை எனக்குப் பின்னாலதான் கொண்டுவர வேண்டியதாப் போச்சு. கதவு ஒண்ணுதான் இருந்துச்சு."

கான்ஸ்டன்ஸ் சிரித்தாள், அந்தச் சிரிப்பிலேயே அழுதாள். "உள்ள வா நோரா," என்றாள். அந்தச் செல்லப்பெயர் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது. டாமை அடுப்பங்கரையில் கிடத்திச் சூடான பால் கொடுத்தபிறகு, மாவுப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். "எந்த வருஷத்துப் பேப்பர் வேணும்? பத்தொம்பதும் பத்திரமா இருக்கு."

"இந்த வருஷத்ததுல போடு. பழசெல்லாம் செல்லாது."

ஜூன் மாதம் அரண்மனையில் முத்திரை விழுந்தது. நேரம் காலை பதினொன்றேகால். எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் உருளைக்கிழங்கு வயலில் நின்ற ஹனோரியா அந்த நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு எழும்பினாள். பால்கொட்டகையில் கான்ஸ்டன்ஸின் வெறுங்கால் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கல்தரையில் பட்டது. ஐயோ, என்ன ஜில்லென்று இருக்கிறது என்று கத்தினாளாம். பிறகு அன்று முழுவதும் செருப்புப் போடவே இல்லை. ஞாயிறன்று தென்கதவில் ஹனோரியா நின்று, முதல் ஆணிக்கு நேராகப் பாதத்தை வைத்துக் காட்டினாள். அன்று மணியடித்தது நான்தான். பிரபுக்கள் சபையில் பெண்ணுக்கு நாற்காலி இல்லை என்று லண்டனிலிருந்து கடிதம் வந்தபோது, தந்தாலும் அதில் தன் கால் தரையில் படப்போவதில்லை என்று பதில் எழுதினாள். கறுப்புக் கிடாவில் எல்லாரும் கலந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

1961 நவம்பரில் ஒரு காலை, கான்ஸ்டன்ஸ் பால் கறந்துகொண்டிருந்தவள் முக்காலியோடு சேர்ந்து எழும்பினாள். குனிந்து பார்த்தாள். முழு ஓர் அங்குலம். பால்வாளியைச் சிந்தாமல் ஓரமாக வைத்தாள்.

"டாம்," என்றாள், "நோரா போயிட்டா."

மாளிகைக்கு அவர்கள் போனபோது கிழவர் கிரிம்ஷா ஒரு உறையை நீட்டினார். தன் அடக்க ஊர்வலத்தின் வரிசையை ஹனோரியா பல வருடங்களுக்கு முன்பே தன் கையால் எழுதி வைத்திருந்தாள். தேதியைப் பார்த்தோம்: 1947 பிப்ரவரி, பனியிலிருந்து திரும்பிய மறுநாள். புத்தகத்தில் எங்கேயும் இல்லாத வரிசை அது. முதல் வரியில், தனக்குப் பின் பட்டம் பெறும் தங்கையைக் குறித்து லேடி ஆஸ்கார்த், மிஸ்டர் தாமஸ் ஹெப்பிள், பக்கத்தில் பக்கத்தில் என்று இருந்தது. ‘பக்கத்தில் பக்கத்தில்’ என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

அன்றும் மழை. சவப்பெட்டிக்குப் பின்னால் கைகோத்துக்கொண்டு அவர்கள் போனார்கள், அவள் ஓர் அங்குலம் மேலே, அவர் சேற்றில். அவர்களுக்குப் பின்னால் பக்கத்துப் பள்ளத்தாக்கு மார்க்விஸ் பாண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் போனபிறகு நான் தேவாலயக் கதவைச் சாத்த வந்தேன். முதல் வரிசை நடந்த இடத்தில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தடம்தான் இருந்தது. பதிவேட்டில் இரண்டு பேர் என்று எழுதினேன்.