மாப்பிள்ளை மாட்டிய சிவப்புக் குழாய்

கடுகுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தொட்டால் பொரிகிற ஆள் என்பதால்தான் அந்தப் பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்று காலை வந்த கோபத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. செக்கச்செவேலென்று, நகைக்கடை அலமாரியில் வைக்கலாம் போல, அவன் தங்கச்சியின் பந்தயக் காருக்குள் எஞ்சின் மேல் படுத்திருந்தது.

வெளியூர் வேலையை முடித்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தவன், பானெட்டைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

"இதை யார் மாட்டினது?"

"நான்தான் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. தங்கச்சியின் புருஷன். பிளம்பர். கையில் காபி டம்ளர், முகம் கொள்ளாத சிரிப்பு. "நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு நேத்தே உக்காந்துட்டேன். அவளுக்குப் பரிசு. எப்படி இருக்கு?"

எப்படி இருக்கிறதாம். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை, எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டருக்கும் பங்கு வைக்கிற குழாய் அது. ஃபியூயல் ரெயில் என்பார்கள். பெரிய இன்ஜெக்டர் போட்ட பிறகு பழைய ரெயில் போதாது என்று கடுகேதான் சொல்லியிருந்தான். சொன்னவன் சும்மா இருக்கவில்லை. இன்ஜெக்டர் உட்காரும் இடைவெளி சரியா, பிடிமானம் எஞ்சினில் இருக்கிற துளைக்குப் பொருந்துமா, மூட்டு எந்தத் திருகு மரையில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பந்தயம் முடிந்ததும் நிதானமாக மாட்டலாம் என்று அலமாரியில் வைத்திருந்தான். சாம்பல் நிறம், அழகு என்று ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளை வேறொன்றைப் படத்தில் பார்த்திருக்கிறார். நிறம் பிடித்திருக்கிறது. வாங்கிவிட்டார். பெண் பார்க்கப் போனவர்கூட இதைவிட நாலு கேள்வி கேட்டிருப்பார்.

கடுகு குனிந்தான். ரெயிலின் இரண்டு முனையிலும், மூட்டின் கழுத்தில், வெள்ளையாக ஏதோ பிசிர் எட்டிப் பார்த்தது.

"மாப்ளே, இது என்ன?"

"டேப்பு. நல்லா அழுத்திச் சுத்தியிருக்கேன். சொட்டுத் தண்ணி, அதாவது பெட்ரோல், வெளிய வராது."

கடுகுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தண்ணீர்க் குழாயின் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்! தண்ணீர்க் குழாயில் மரை கூம்பி இறுகும், டேப் ஓட்டையை அடைக்கும். இங்கே மரைக்கு அடைக்கிற வேலையே இல்லை. மூட்டின் அடியில் இருக்கிற ரப்பர் வளையம் வாயில் முழுசாக உட்கார்ந்தால்தான் அடைக்கும். நடுவில் டேப் நின்றால் வளையம் எங்கே உட்காரும்? பிசிர் பிய்ந்து உள்ளே போனால் இன்ஜெக்டரின் வாயை அடைக்கும். வெளியே கசிந்தால் கீழே கொதிக்கிற புகைக்குழாய் இருக்கிறது. பின்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் தங்கச்சி இருப்பாள். மத்தியானம் பந்தயம்.

"கழட்டுங்க," என்றான்.

"டேய்!" வீட்டுப் பக்கக் கதவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பட்டறையும் வீடும் ஒரே சுவர். அம்மாவின் காதுக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. "மாப்பிள்ளை ஆசையா செஞ்சிருக்காரு. வந்ததும் வராததுமா எடுத்தெறிஞ்சு பேசறியே. அவர் மனசு நோகாதா?"

"மனசு நோகுமா? அம்மா, இது பெட்ரோல்மா!"

"எதா இருந்தா என்ன? பேச்சுன்னு ஒரு முறை இருக்குல்ல?"

மாப்பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் வாடியது. ஆனால் அவரும் தொழில்காரர். தன் கைவேலையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"மச்சான், எத்தனை மாடிக்குக் குழாய் ஏத்தியிருக்கேன். ஒரு சொட்டு விழுந்தா மீசைய எடுத்துக்கறேன். போட்டுப் பாருங்க."

கடுகு தீயணைப்பானைப் பக்கத்தில் எடுத்து வைத்தான். மூட்டுகளைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தைச் சுற்றினான். எஞ்சினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓடவிட்டான். உர்ரென்ற சத்தத்தோடு ரெயிலுக்குள் அழுத்தம் ஏறியது. சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த அம்மாவும் தங்கச்சியும் சேர, நாலு பேரும் காகிதத்தையே பார்த்தார்கள். தங்கச்சி மட்டும் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

காகிதம் நனையவில்லை. பம்பை நிறுத்திவிட்டுக் கடுகு தொட்டுப் பார்த்தான். அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தீங்களா அத்தை?" என்றார்.

"நான்தான் சொன்னேனே," என்றாள் அம்மா, கசிவைப் பற்றி எதையுமே சொல்லாதவள். "இவனுக்கு எதிலயும் குத்தம் கண்டுபிடிக்கணும். மாப்பிள்ளை, உள்ள வாங்க, டிபன் ஆறுது."

கடுகுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சினில் கசியாததெல்லாம் ஒரு சாட்சியா? சூடேறி, ரப்பர் இளகி, எஞ்சின் உதற ஆரம்பிக்கும்போது என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இந்த வீட்டில் பெட்ரோல் கசிந்தால் துடைத்துவிடலாம், மாப்பிள்ளை முகம் சுளித்தால்தான் குடி முழுகிப் போகும்!

அப்போதுதான் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். தங்கச்சி பந்தயத்துக்குப் போடுகிற தடித்த மேல்சட்டை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் பந்தயத்தை வைத்துக்கொண்டு காலையில் அதை யார் துவைப்பார்கள்?

"இத ஏன் துவைச்ச?"

தங்கச்சி தரையில் சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"அழுக்கா இருந்துச்சு."

கடுகு போய்ச் சட்டையை முகர்ந்தான். சோப்பு வாசனை. அதற்கு அடியில், சோப்பால் முழுசாகப் போக்க முடியாத இன்னொரு வாசனை.

"வண்டிய ஓட்டினியா?"

"விடிஞ்சதும் ஒரு ரவுண்டு போனேன்," என்றாள். கண்ணை நிமிர்த்தவில்லை. "எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு. சூடானதும் வாசனை வந்துச்சு."

"வாசனை வந்துச்சா? நீ என்ன பண்ணே?"

"கண்ணாடிய இறக்கிட்டேன்."

கடுகு வெடித்தான்.

"கண்ணாடிய இறக்கினியா! பெட்ரோல் நாத்தம் அடிக்குது, வண்டிய நிறுத்தல, கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டியிருக்கே! மத்தியானமும் அப்படித்தான் ஏறி உக்காந்திருப்பே, இல்ல? அறிவு இருக்கா உனக்கு?"

அம்மா வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். டம்ளரைக் கீழே வைத்தார், வைத்த வேகத்தில் அது உருண்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று பெண்டாட்டியைக் கேட்டார். "புதுசா ஒரு குளியலறைக் குழாய் போட்டாலே ராத்திரி முழுக்க அழுத்தத்துல விட்டுட்டுத்தான் சுவரை மூடுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பிச்சுப் போட்டிருப்பேனே."

"அதை ஏன் இதுல பண்ணல, மாப்ளே?" என்றான் கடுகு. "குழாய் ஒழுகினா சுவர் நனையும். இது ஒழுகினா..." அவன் பார்வை கீழே இருந்த புகைக்குழாய்க்குப் போனது.

மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்தார். கடுகு அவரை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரெயிலில் மிச்சமிருந்த அழுத்தத்தை இறக்கினான். பிறகு துணியைப் பிடித்துக்கொண்டு மூட்டை அவரே திறந்தார். ரப்பர் வளையம் ஒரு பக்கமாக நசுங்கி, பிதுங்கி, வெட்டுப்பட்டிருந்தது. உள்வாயில் வெள்ளைப் பிசிர் ஒன்று பெட்ரோலில் நனைந்து ஒட்டியிருந்தது. அதை விரல் நுனியில் எடுத்துவைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். மீசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடுகுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. கோபம் தங்கச்சி மேலேயே நின்றது.

"இவரு பிளம்பரு, தெரியாம பண்ணிட்டாரு. நீ என்ன பாப்பாவா? என்கூட இந்தப் பட்டறையில வளந்தவ. அந்த வாசனைக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? உயிர் போற விஷயத்துல எப்படிடி வாய மூடிட்டு இருந்தே?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. அழுகையில் இல்லை.

"நீதானே சொன்னே?"

"நானா? என்ன சொன்னேன்?"

"கல்யாணத்தன்னைக்கு. கார்ல ஏத்திவிடும்போது ஜன்னல்கிட்ட குனிஞ்சு சொன்னியே. உன் வாய்த்துடுக்க எல்லாம் இங்கயே விட்டுட்டுப் போ, எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்காத, அவர் ஒண்ணு ஆசையா செஞ்சா குத்தம் சொல்லாத, கொஞ்சம் அனுசரிச்சுப் போன்னு. அம்மா கூட நின்னு தலைய ஆட்டினாங்க." அவள் நனைந்த சட்டையைக் கொடியிலிருந்து இழுத்துப் பிழிந்தாள். "அனுசரிச்சுப் போனேன்."

அம்மா சுவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். ஊரே வாயைக் கட்டச் சொன்னாலும் கட்டாத கடுகு, சிவப்பு ரெயிலின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவள் அலமாரியிலிருந்து சாம்பல் நிற ரெயிலை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தாள். புது ரப்பர் வளையங்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பந்தயம் இல்ல," என்றாள். "இது நான் ஓட்டற வண்டி. நானே மாட்டிக்கறேன். என்னங்க, நீங்க அந்த இன்ஜெக்டரையெல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க, பிசிர் ஒண்ணு விடாம. அண்ணே, நீ விளக்கப் பிடி."

கடுகு விளக்கை எடுத்துப் பிடித்தான். அவள் முதல் மூட்டை முறுக்கும்போது வெளிச்சம் மூட்டை விட்டு அவள் முகத்துக்கு நகர்ந்தது.

"ஆடாம பிடிண்ணே," என்றாள்.