மாமாவை ரயிலை விட்டு இறக்கியது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யார் கேட்டாலும் அம்மா ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள். “கம்ப்யூட்டர்ல ரயில் விடுறா.” கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் செய்வது இதுதான். இன்று இல்லாத பழைய ரயில் நிலையங்களையும் நீராவி இஞ்சின்களையும், கிடைத்த போட்டோ, வரைபடம் எதையாவது பிடித்துக்கொண்டு, கணினிக்குள் ஆணி ஆணியாகக் கட்டி எழுப்புவேன். கட்டிய பிறகு வெயில் அடிக்க வைத்து, நிழல் விழ வைத்து, புகை விட்டு, கடைசியில் படமாக எடுப்பேன். இந்தக் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். பார்ப்பதற்கு அசல் போட்டோ மாதிரியே இருக்கும். என் இஞ்சின்களில் எண்ணெய் வழிந்திருக்கும், கரி அப்பியிருக்கும். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இஞ்சினைத் துடைத்து நிறுத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. உழைக்கிற எதுவும் அப்படி இருக்காது.

இந்த முறை வேலை கொடுத்தது ஊர் அருங்காட்சியகம். ஊரிலிருந்து முதல் ரயில் கிளம்பிய காலை, சுவர் அகலத்துக்கு ஒரே படமாக வேண்டும் என்றார்கள். ஆதாரம் ஒரே ஒரு மங்கல் போட்டோ. அதில் இஞ்சின் இருந்தது, பெட்டிகள் இருந்தன, நடைமேடை இருந்தது. மனுஷ வாடையே இல்லை. அந்தக் காலத்துக் காமிரா நெடுநேரம் கண் திறந்திருக்க வேண்டும், அசைந்தவர் எவரும் அதில் பதிய மாட்டார்கள். ஊரே திரண்டு குதித்துக் கும்மாளம் போட்ட நாளில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாய் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

“அத்தனை பேர் வந்த இடத்துல ஒரு ஈ காக்கா இல்லாம இருந்தா எப்படிம்மா?” என்றார் அருங்காட்சியகக் காப்பாளர். “ஆளைப் போடுங்க.”

ஆள் போடுவது லேசு இல்லை. விலைக்குக் கிடைக்கும் கணினி ஆட்களுக்கெல்லாம் ஒரே முகம், ஒரே உடற்பயிற்சி உடம்பு. தொப்பை இல்லாத கூட்டத்தை எந்த ரயில் நிலையத்தில் பார்த்திருக்கிறீர்கள்? அதனால் தெரிந்த மனிதர்களையே பிடித்தேன். நாடகக் குழு ஒன்றிடம் பழைய பாணி உடுப்புகளை வாங்கிவந்து மாட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் கூடத்தின் நடுவே நிற்கவைத்து, போனைக் கையில் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தேன். அந்தப் படங்களைக் கணினி ஒன்றாகத் தைத்து முழு உருவம் ஆக்கிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, நிற்பவர் அசையக்கூடாது. அசைந்த இடம் மெழுகு மாதிரி உருகிப்போய்விடும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் நிலைய அதிகாரி ஆனார். அன்றிலிருந்து தெருவில் அவர் நடையே மாறிவிட்டது. அம்மா ஒரு கையை உயர்த்தி ஆட்டுகிற மாதிரி நின்றாள். மூச்சுக்கூட விட்டாளோ என்னவோ, கல்லாக நின்றாள். முதல் தடவையிலேயே உருவம் அச்சாக வந்தது.

மாமாவை மட்டும் அவர் வீட்டுக்கே போய் எடுக்க வேண்டியிருந்தது. அவர் அம்மாவின் தம்பி. கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், மாமி போன பிறகு தனி ஆள். அவருக்கும் அம்மாவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு ஆபரேஷன். வயிற்றில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுத்து, அறுத்து, தைத்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்குச் சொன்னார். “நான் என்ன மூன்றாம் மனுஷியா?” என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்தாள். மறுபடி எடுக்கவே இல்லை. அவரும் வீம்புக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்.

பெட்டியின் படியில் ஒரு காலை வைத்து ஏறுகிற ஆளாக மாமா நின்றார். நாற்காலி மேல் ஒரு கால், கதவுப் பிடியில் ஒரு கை, திரும்பிப் பார்க்கிற முகம். எடுத்து முடித்துக் கோட்டைக் கழற்றும்போது சொன்னார்.

“பாப்பா, நான் மகள் வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். அடுத்த மாசம் ஃப்ளைட்டு. இனிமே அங்கேயேதான்.”

எனக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது, இன்னும் பாப்பா. “அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றேன்.

“நீயே பக்குவமா சொல்லிடேன்.”

நான் ஒரு வாரமாகப் பக்குவம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை, நடைமேடையில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தேன். படத்துக்கு நடுவில் கண் நிற்க ஏதாவது வேண்டும். ஏறுகிறவர் ஒருவர் திரும்பிப் பார்க்க, கீழே ஒருத்தி கை ஆட்டினால் நன்றாக இருக்கும் என்று மாமாவைப் படியில் ஏற்றி, அம்மாவைக் கீழே நிறுத்தினேன். சத்தியமாக வேறு நினைப்பு இல்லை. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் எனக்கு அம்மாவும் ஒன்றுதான், விளக்குக் கம்பமும் ஒன்றுதான்.

அம்மா காபியோடு வந்து பின்னால் நின்றாள். இஞ்சினைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். தன்னைக் கண்டுபிடித்து, “பரவாயில்ல, லட்சணமாத்தான் இருக்கேன்” என்றாள். பிறகு அவள் பார்வை படிக்குப் போனது.

“இவன் எங்கடி போறான்?”

நான் நாயின் நிழலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். “மகள் வீட்டுக்கு. அடுத்த மாசம். அங்கேயே இருக்கப் போறாராம்” என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கேட்டது படத்தில் ஏறுகிற ஆளைப் பற்றி.

அம்மா காபி டம்ளரை மேசையில் வைத்தாள். “என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீதான் பேசுறதே இல்லையே.”

“பேசலைன்னா? சொல்லாம கொள்ளாம போயிடுறதா? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போ நாட்டை விட்டே போறான். நான் என்னடான்னா இங்க கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறேன்!” அவள் குரல் உடைந்தது. “இறக்குடி அவனை.”

“அம்மா, இது படம்.”

“இறக்குன்னா இறக்கு. ஊரே பார்க்கிற இடத்துல, நான் அவனைச் சிரிச்சுக்கிட்டே வழியனுப்புற மாதிரி இருக்கக்கூடாது.”

வாதாடிப் பயன் இல்லை என்று மாமாவைப் படியிலிருந்து எடுத்து நடைமேடையில் வைத்துக் காட்டினேன். ஒரு கால் அந்தரத்தில், ஒரு கை எதையோ பிடித்துத் தொங்க, நாட்டியப் பரீட்சையில் மாட்டிக்கொண்டவர் போல நின்றார். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

“காலைக் கீழ வை.”

“ஏறுற ஆளோட இடுப்பு வேற, நிக்கிற ஆளோட இடுப்பு வேற. கோட்டு மடிப்பு எல்லாம் ஏறுறதுக்குன்னு இருக்கு. காலை மட்டும் இழுத்தா துணி கிழிஞ்ச மாதிரி வரும்.”

“அப்போ அவன் வேணவே வேணாம். எடுத்துடு.”

“அழிச்சிடவா?” என்று அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். எனக்கும் கோபம்தான். மூன்று வருஷத் தபால் வேலை யாருக்குத்தான் அலுக்காது?

“ஐயையோ!” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவே இல்லை. இத்தனை நாள் இந்த வீம்புக்குள் எவ்வளவு பயத்தை மூடி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் இடம் கொடுத்தால் காரியம் கெடும்.

“வேற வழி ஒண்ணுதான் இருக்கு. அவர் வந்து மறுபடி நிக்கணும். கீழே நிக்கிற மாதிரி. நான் கூப்பிட மாட்டேன். நீயே கூப்பிடு.”

அம்மா கூடத்துக்குப் போனாள், சமையலறைக்குப் போனாள், ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். நான் வெட்கமே இல்லாமல் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

“ஹலோ, யாரு?” என்றார் மாமா. எண்ணைப் பார்த்தும் அவரால் நம்ப முடியவில்லை போலும்.

“உனக்கு எத்தனை அக்காடா இருக்கா?”

“அக்கா… உடம்புக்கு ஏதாவது…”

“என் உடம்புக்கு என்ன கேடு? நீ முதல்ல இறங்கு.”

“எதுலேர்ந்து?”

“ரயில்லேர்ந்து.”

“நான் வீட்லதான்க்கா இருக்கேன்.”

“தெரியும். இங்க வா. வந்து நில்லு. வரும்போது இவ அங்க விட்டுட்டு வந்த கோட்டைப் போட்டுட்டு வா.”

போனை வைத்துவிட்டு, “ரொம்பப் பேசிட்டேனோ?” என்று என்னைக் கேட்டாள்.

பட்டப்பகலில், கொளுத்துகிற வெயிலில், முழங்கால் வரை தொங்குகிற கறுப்புக் கோட்டோடு மாமா தெருவில் நடந்து வந்தார். தையல்காரர் வாசலில் நின்று சல்யூட் அடித்தார். மாமா வியர்த்து வழிந்துகொண்டு உள்ளே வந்தார். அம்மா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சோபாவை ஓரம் தள்ளி இடம் செய்தேன். “நானும் கூட நிக்கிறேன். தனியா நின்னா மறுபடி ஏறிடுவான்” என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் வசதி. ஒட்டி நிற்பவர்களைச் சேர்த்து எடுத்தால்தான் நிழல் பொருந்தும். உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் நின்றாள்.

“ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கணும். நான் ஒரு சுத்து சுத்தி முடிக்கிற வரைக்கும் பேச்சு மூச்சு கூடாது” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். கால் சுற்றுகூட வரவில்லை.

“என்னடா இப்படி இளைச்சுட்ட?” என்றாள் அம்மா.

“அம்மா!”

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை பாதிச் சுற்று போனது.

“சொன்னா நீ அழுவேன்னுதான்க்கா சொல்லல,” என்றார் மாமா, நேராகச் சுவரைப் பார்த்தபடி.

“அழுதா என்ன? அழுறதுக்குத்தானேடா அக்கா?”

“மாமா! வாயை மூடுங்க! ரெண்டு பேரும்!” நான் கத்தியதில் பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம் நின்றுபோனது. இரண்டு பேரும் திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை நிதானமாகச் சுற்றினேன். செருப்பு, கோட்டின் விளிம்பு, பொத்தான்கள், அம்மாவின் கை. அந்தக் கை எப்போது போய் மாமாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது என்று நான் பார்க்கவில்லை. முக்கால் சுற்று முடிந்திருந்தது.

“அடுத்த மாசம் போறேன்க்கா.”

“போறேன்னு சொல்லாதடா.” அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ஆனால் அவள் அசையவில்லை, அப்படியே நின்றாள்.

நான் நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தேன். திட்டக்கூடத் தோன்றவில்லை.

“போயிட்டு வரேன்க்கா,” என்றார் மாமா. “பேரப் பிள்ளைகளைப் பார்த்துட்டு வந்துடறேன். அங்க போய் நான் யாரோட சண்டை போடுவேன்?”

“எப்போ வருவ?”

அதோடு முடிந்தது சிலை. எப்போது வருவார், எந்த மாதம், அங்கே குளிருமா, மாத்திரை எடுத்து வைத்தாயா, உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது, மகள் உன்னைக் கேட்டாள், ஏன் என்னைக் கூப்பிடவில்லை, நீ ஏன் எடுக்கவில்லை என்று மூன்று வருஷத்துப் பேச்சு ஒரேயடியாகக் கொட்டியது. நான் போனை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். டீ ஆறிப்போகும் வரை பேசினார்கள்.

மூன்றாவது தடவை எடுத்ததைக் கணினியில் போட்டுத் தைத்துப் பார்த்தேன். மற்ற எல்லாம் கன கச்சிதம். கோட்டுப் பொத்தான், நரம்பு புடைத்த கை, கையைப் பிடித்த கை. இரண்டு பேருக்கும் வாய் மட்டும் உருகிப்போயிருந்தது.

“வாய் எங்கடி?” என்றாள் அம்மா.

“பேசிக்கிட்டே இருந்தா எப்படி வரும்?”

“மறுபடி எடுத்துடு பாப்பா. இந்தத் தடவை பேச மாட்டோம்” என்றார் மாமா. அதற்குள் அம்மா அவரிடம் வேறு எதையோ ஆரம்பித்துவிட்டாள். நான் மறுபடி எடுக்கவில்லை. எடுக்க மனசும் இல்லை.

படியில் ஏற்றத் தையல்காரரைக் கூப்பிட்டேன். நிலைய அதிகாரி பதவியோடு இந்தக் கூடுதல் பொறுப்பையும் பெருமையாக ஏற்றுக்கொண்டார். அம்மாவையும் மாமாவையும் நடைமேடையில் நிறுத்தி, இஞ்சினுக்கு முன்னாலிருந்து பார்க்கிற படம் என்பதால் வாய் தெரியாதபடி இரண்டு பேரையும் மறுபக்கம் திருப்பிவிட்டு, ரெண்டருக்குக் கொடுத்தேன்.

படத்தைச் சுவரில் ஏற்றிய அன்று காப்பாளர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். இஞ்சின் பிரமாதம் என்றார், நாய் பிரமாதம் என்றார். பிறகு நடைமேடை நடுவில் விரலை வைத்தார்.

“முதல் ரயில் கிளம்புது. ஊரே வாயைப் பிளந்து பார்க்குது. இவங்க ரெண்டு பேர் மட்டும் ஏம்மா ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க?”

“அவங்களுக்கு இன்னும் பேசி முடியல” என்றேன்.