ஐந்தாம் புள்ளி

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய கணவருக்கு ‘மூடி’ என்று பெயர். கப்பலிலிருந்து வரும் கடல்நீர்க் குப்பிகளின் மூடிகளைத் திருகித் திருகிப் பார்ப்பதும், நீரின் உப்பை அளந்து நோட்டில் ஏற்றுவதும் அவர் வேலை. வீட்டில் எண்ணெய் பாட்டிலைக்கூட அவர் மூடிவிட்டால் திறக்க ஆள் தேட வேண்டும்.

அவர் எழுதும் எண்களை வைத்து ஆழ்கடலைப் படிப்பவள் அவள். துருவத்தில் குளிர்ந்த உப்புநீர் கனத்துப்போய் அடியில் இறங்கி, உலகத்தின் தரையை ஒட்டி நகர்கிறது. பனி உருகி நல்ல தண்ணீர் கலக்கக் கலக்க அதன் உப்பு குறைகிறது, கனமும் குறைகிறது. கனம் போனால் இறங்காது. இறங்காவிட்டால் அந்த ஓட்டமே தொய்ந்துவிடும்.

நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் கப்பல் போகும். ஆகவே அடிநீரின் உப்பைக் காட்டும் அவளுடைய வரைபடத்தில், பயணத்துக்கு ஒன்றாக, மொத்தமே ஐந்து புள்ளிகள். நான்கு இறங்கின. மூன்று வருடத்துக்கு முந்தைய ஐந்தாவது மட்டும் ஏறியது. ஆழ்கடல் தேறுகிறது என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் உலகத்துக்குச் சொல்ல அவள் கையில் இருந்தது அந்த ஒரு புள்ளிதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், படம் வெறிச்சென்று இருக்கிறதே என்று நடு ஆழத்து நீரையும் அதில் சேர்த்தாள். எளிதில் மாறாத பழைய நீர் அது. ஐந்தாம் பயணத்தில் அதுவும் ஏறியிருந்தது, அடிநீரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. இப்படி மேலும் கீழும் சேர்ந்து உப்பு கூடியதென்றால் கோளாறு கடலில் இல்லை, குப்பியில். உள்ளே இருந்த நீர் ஆவியாகியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடக் கண்டுபிடித்திருப்பார்கள். நல்ல செய்தி கிடைத்த சந்தோஷத்தில் இவளுக்குத்தான் கண் தெரியாமல் போயிருந்தது.

நோட்டை எடுத்துப் பார்த்தாள். கப்பல் வந்த எட்டாம் நாள் அளந்ததாக அவர் கையெழுத்தில் தேதி. அது அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த நாள். அன்று முழுக்க அவர் மருத்துவமனை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நோட்டையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனபோது, கீழ்த்தளத்தில் அவர் குப்பி துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அஞ்சாவது பயணத்துப் பெட்டிய எப்ப அளந்தீங்க?”

அவர் துணியைக் கீழே வைத்தார். மழுப்பவில்லை.

“அஞ்சு வாரம் கழிச்சு. பாய்லர் ரூம் பக்கத்துலயே கிடந்துச்சு. சூட்டுல பாதிக் குப்பிக்கு மூடி தளர்ந்திருந்துச்சு. மூணாவது டெசிமல்லதானே மாறும்னு, அளந்திருக்க வேண்டிய பழைய தேதியப் போட்டுட்டேன்.”

“அந்த மூணாவது டெசிமல்தாங்க என் பொழப்பே!”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் மூணு வருஷமா வாயத் திறக்கல?”

“சொல்லத்தான் வந்தேன். நீ கட்டில்ல உட்கார்ந்து அந்தப் புள்ளியப் பார்த்துட்டிருந்த. ‘கடல் தேறிடுச்சுங்க, நானும் தேறிடுவேன்’னு சொன்ன. ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நீ சிரிச்ச. எனக்கு நாக்கு எழல.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

நடு ஆழத்து நீரை யாரும் கேட்கப்போவதில்லை. அவருக்கோ ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம். பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அவள் அங்கேயே கணினியைத் திறந்து, நடுநீரில் கூடியிருந்த அளவை அடிநீரின் உப்பிலிருந்து கழித்தாள். ஐந்தாம் புள்ளி நான்காவதற்கும் கீழே போய் உட்கார்ந்தது. கடல் தேறவில்லை.

“ஏன் குறைச்சோம்னு காரணம் எழுதணும். உங்க பேரு வரும்.”

“வரட்டும். நானே எழுதறேன்.”

சிவப்புப் பேனாவால் பழைய தேதியை அடித்து, உண்மையான தேதியை மேலே எழுதிக் கையெழுத்திட்டார். முப்பது வருட நல்ல பெயர் அந்த ஒரு கோட்டில் போயிற்று.

“நாளைக்கே மறுபடி எனக்கு அப்படி ஒண்ணு ஆனா?”

“பெட்டிய அப்படியே போட்டுட்டு ஓடி வருவேன்,” என்றார் அவர். “தேதிய மட்டும் சரியா எழுதுவேன்.”