பத்தொன்பது நாள் பிரதமர்

செவெரின் பிரெக்கேவிடம் நான் பதினோரு வருடம் எழுத்தராக இருந்தேன். தலைநகர் கிறிஸ்தியானியாவின் நாடாளுமன்றத்தில் முப்பது வருடம் பெஞ்சைத் தேய்த்த மனிதர். அத்தனை வருடமும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தைதான்: "பொறுங்க." பெண்களுக்கு ஓட்டா, பொறுங்க. வடக்கே ரயிலா, பொறுங்க. வடகோடி லோஃபோட்டன் தீவு மீனவர்கள் புயலில் படகுகள் ஒதுங்கக் கடலோரம் ஒரு தடுப்புச் சுவர் கேட்டார்கள். அதற்கும் அதேதான். கடைசிப் பதினோரு வருட உரைகளை அழகாகப் படியெடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

பிரதமர் நாற்காலிக்கு மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது.

ஒரு பிப்ரவரியில் அரசு கவிழ்ந்தது. பெரிய தலைகள் இரண்டும் விட்டுக்கொடுக்காமல் முட்டிக்கொள்ள, அரசர் வேறு வழியின்றி இவரைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி ராக்னாவிடம், "இனிமே என்னைப் பிரதமர்னுதான் கூப்பிடணும்," என்றார்.

"குறட்டை விடறப்போ எழுப்பறதுக்கும் அப்படித்தானா?" என்றாள் அவள்.

முதல் வாரம், எந்தப் பதக்கத்தைக் கோட்டில் எங்கே குத்துவது என்பதிலேயே போயிற்று. இரண்டாம் வாரம் லோஃபோட்டனிலிருந்து தந்தி. புயலில் ஒதுங்க இடமில்லாமல் ஒன்பது படகுகள் போய்விட்டன. நாற்பத்தொரு பேர்.

"ஒரு குழு போடலாம். இலையுதிர் காலத்துல அறிக்கை தரட்டும்," என்றார். அதையும் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அவருடைய கட்சியிலேயே லோஃபோட்டன் உறுப்பினர் ஒருவர் உண்டு, இசாக் ஹோவ்டே. அவரும் கடலுக்குப் போனவர்தான். நேரே அறைக்கு வந்தார்.

"குழுவா? என் மச்சானை இன்னும் தண்ணியில தேடிக்கிட்டிருக்காங்க. சுவர் கட்டித் தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பக்கமே நிக்கிறேன்."

"உணர்ச்சிவசப்படாதீங்க ஹோவ்டே. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்துத்தான் எங்க ஊர்ல பாதிப் பொம்பளைங்க துக்கக் கறுப்பு உடுத்தியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு ஹோவ்டே கதவைக்கூடச் சாத்தாமல் போனார்.

பத்தொன்பதாம் நாள் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஹோவ்டே அரசுக்கு எதிராக எழுந்து நின்றார். ஒரே ஓட்டில் ஆட்சி போயிற்று. அரசர் மறுபடி கூப்பிடுவார் என்று பிரெக்கே ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

அடுத்து வந்தவர்கள் சுவரைக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு, மரியாதைக்காக, இவருக்கும் அழைப்பு வந்தது. போனோம். "இது என் ஆட்சியில விழுந்த விதை," என்று கூசாமல் பேசினார்.

என் பக்கத்தில் ஒருத்தி காட் மீனின் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்: "இவரு எப்போ ஆண்டாரு?"

சொன்னேன்.

"ஓ, அப்பவா? நாங்க பொணம் தேடிக்கிட்டிருந்தோம். கவனிக்கலை."

மேடையிலிருந்து இறங்கியதும் பிரெக்கே, அந்தப் பெண் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று ஆவலோடு கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

கோட்டில் குத்தியிருந்த பதக்கத்தை நேராக்கிக்கொண்டார். பிறகு, "சாப்பாடு எத்தனை மணிக்காம்?" என்றார்.